இலவச ஆப்பில் இனி சந்தா: கூத்துக் கலைஞரின் கையெழுத்து எதுவரை செல்லும்?

கேள்வி: ஐயா, 2019 முதல் எங்கள் பகுதித் தெருக்கூத்து ஜமாக்களின் (கூத்துக் குழுக்களின்) ஆட்டத்தை விடிய விடிய வீடியோ எடுத்து, ஆண்ட்ராய்டு ஆப் ஒன்றில் இலவசமாகப் போட்டு வருகிறேன். இடையிடையே விளம்பரம் வரும். 26 ஜமாக்களின் தலைவர்கள் சம்மதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். படிவத்தின் நகலை இணைத்துள்ளேன். சர்வர் வாடகை கட்டுப்படியாகவில்லை. மாதம் 49 ரூபாய் சந்தா வைக்கப் போகிறேன். 2021-ல் 312 பேரிடம் தலா 299 ரூபாய் வாங்கிக்கொண்டு ‘ஆயுள் முழுக்க எல்லாக் கூத்தும், விளம்பரம் இல்லாமல்’ என்று கொடுத்தேன். இப்போது ஒரு கூத்து வாத்தியார், “நீ காசு பாக்கவா நாங்க ராப்பூரா ஆடினோம்?” என்கிறார். சட்டப்படி எனக்குத் தடை ஏதும் உண்டா? (செய்யாறு வாசகர்)

பதில்: இலவசமாகக் கொடுத்ததற்கு நாளை முதல் காசு கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காசே கொடுக்காமல் பார்த்தவர், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவின்படி ‘நுகர்வோர்’ ஆக மாட்டார். திட்டுவார், வழக்குப் போட முடியாது. ஆப்பின் விவரத்தில் ‘என்றும் இலவசம்’ என்று எங்காவது எழுதியிருந்தால் மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள்.

உங்கள் சிக்கல் நீங்கள் அனுப்பிய படிவத்தில் இருக்கிறது. அதில் இருப்பது ஒரே வாக்கியம்: “எங்கள் நிகழ்ச்சியைப் பொதுமக்கள் இலவசமாகக் காண இணையத்தில் வெளியிடச் சம்மதிக்கிறேன்.” அந்த ‘இலவசமாக’ என்ற சொல்லை யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. நீங்களே போட்டிருந்தால், உங்கள் கையாலேயே வேலி போட்டுக்கொண்டீர்கள். கையெழுத்திட்டவர் தந்தது இலவசமாகக் காட்டும் அனுமதி. சந்தா வைத்துக் காட்டுவது அதற்குள் அடங்காது.

அப்புறம், படிவத்தில் காலவரையறை இல்லை. எந்த நாடு என்றும் இல்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 19-ஆம் பிரிவு இந்த ஓட்டைகளைத் தானே அடைத்துவிடுகிறது: காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். உரிமத்துக்கும், கலைஞர்களின் நிகழ்த்துரிமைக்கும் இதே விதி பொருந்தும். ஆக, 2019-ல் வாங்கிய கையெழுத்துகளின் ஆயுள் 2024-லேயே முடிந்துவிட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உங்கள் ஆப்பைப் பார்க்கிறார்களென்றால், அதற்கு முதல் நாளிலிருந்தே அனுமதி இல்லை.

இன்னொன்று. கையெழுத்துப் போட்டவர் ஜமாவின் தலைவர் மட்டும். வேஷம் கட்டியவர், மிருதங்கக்காரர், முகவீணைக்காரர், ஆர்மோனியக்காரர் எல்லோரும் சட்டத்தின் பார்வையில் தனித்தனிக் கலைஞர்கள். அவர்களுக்காகக் கையெழுத்திடத் தலைவருக்கு அதிகாரம் உண்டா என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. 2012 திருத்தத்தில் வந்த 38ஏ பிரிவு, எழுத்துமூலம் சம்மதித்து வீடியோவில் ஆடிய கலைஞர் பிறகு தயாரிப்பாளரைத் தடுக்க முடியாது என்கிறது. ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாதவரைதான் அது. உங்கள் ஒப்பந்தமோ ‘இலவசமாக’ என்கிறது. வணிகப் பயன்பாடு என்றால் கலைஞருக்கு ராயல்டி உண்டு என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. வாத்தியார் பிரிவு எண் சொல்லாமல் அதைத்தான் கேட்டிருக்கிறார். இத்தனை நாள் ஓடிய விளம்பரமும் வணிகம்தானே என்று அவருடைய வக்கீல் கேட்டால், எனக்கே சட்டென்று மறுக்க வராது.

கூத்தின் நடுவே சினிமாப் பாட்டு மெட்டு வருகிறதா? வராமல் இருக்காது. இலவசம் என்பதால் அது குற்றமில்லாமல் போய்விடவில்லை. ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில், வியாபார லாபத்துக்காகச் செய்யாத மீறலுக்கு ஆறு மாதத்துக்கும் குறைவான தண்டனை தர நீதிமன்றத்துக்கு இடமிருக்கிறது. சந்தா வாங்க ஆரம்பித்ததும் அந்த நிழலும் போய்விடும். அந்தப் பகுதிகளை வெட்டுங்கள், அல்லது உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள்.

சரி, அந்த 312 பேர். ‘ஆயுள் முழுக்க’ என்றால் யாருடைய ஆயுள், பார்ப்பவரதா, ஆப்பினதா? சிரிப்பாக இருந்தாலும் வழக்கு இதில்தான் வரும். எழுதியவர் நீங்கள் என்பதால் சந்தேகத்தின் பலன் உங்களுக்குக் கிடைக்காது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 62-ஆம் பிரிவின்படி பழைய ஒப்பந்தத்தை மாற்ற இரு தரப்பும் ஒப்ப வேண்டும். “பணத்தைத் திருப்பித் தருகிறேன், வெளியே போ” என்று நீங்களாக முடிவெடுக்க முடியாது. மொத்தம் 93,288 ரூபாய். அவர்களைச் சந்தா இல்லாமல் அப்படியே விட்டுவிடுங்கள் என்பேன். கன்னியாகுமரிக்காரர் ஒருவர் தன் ஊரிலேயே, கட்டணமில்லாமல், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 299 ரூபாய்க்காக நாகர்கோவிலில் வக்கீல் வைக்கப் போவது நீங்கள்.

பிளே ஸ்டோரில் ஒருமுறை இலவசமாக விட்ட ஆப்பைக் கட்டண ஆப்பாக மாற்ற முடியாது. புதிய ஆப் போட வேண்டும், இல்லையேல் இதே ஆப்புக்குள் சந்தா வைக்க வேண்டும். இரண்டாவதுதான் நல்லது, ஆயுள் சந்தாக்காரர்களின் கணக்கு கலையாது. சேர ஒரு பொத்தான், விலக ஒன்பது பக்கம் என்று வைக்காதீர்கள். 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதைச் சந்தாப் பொறி என்று பெயர் சொல்லித் தடுக்கின்றன. பணம் தானாகக் கழியும் கார்டு ஏற்பாடென்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் போயாக வேண்டும். 18% ஜி.எஸ்.டி. எப்போது உங்கள் தலையில் ஏறும் என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள். நள்ளிரவுக்கு மேல் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அடிக்கும் ஜோக்குகளுக்கு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வயது வகைப்பாடு போட வேண்டும். அது இலவசமானாலும் வேண்டியதுதான்.

இப்போது வரிசை. சந்தா தேதியை அறிவிக்காதீர்கள். முதலில் அந்த வாத்தியார் வீட்டுக்குப் போங்கள், சர்வர் பில்லோடு. புதிய ஒப்பந்தத்தில் சந்தா வசூலில் ஜமாவுக்கு எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, கணக்கு எந்த மாதம் காட்டப்படும் என்று எழுதி, ஆடியவர் வாசித்தவர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அவர் மறுத்தால், அவருடைய ஆட்டங்களை மட்டும் இலவசப் பகுதியில் விட்டுவைக்கலாமே என்று தோன்றும். முடியாது. அவர் தந்த ஐந்து ஆண்டு முடிந்திருந்தால், இலவசமாகக் காட்டவும் அவர் மறுபடி சம்மதிக்க வேண்டும்.