எதுகை மோனை போட்டால் மிளகாய்த்தூள் விற்குமா?

கேள்வி: கிளிநொச்சி வட்டக்கச்சியில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து வறுத்த மிளகாய்த்தூள் செய்கிறோம். செத்தல் மிளகாய் ஒரு கிலோவுக்கு மல்லி ஒரு கிலோ. மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் தனித்தனியாகத்தான் வறுக்கிறோம். ‘தரமான, சுவையான, சுகாதாரமான மிளகாய்த்தூளுக்கு இன்றே நாடுங்கள்’ என்று அச்சகத்தில் எழுதித் தந்ததை ஆயிரம் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தோம். புதிதாக நாலு பேர்கூட வரவில்லை. எதுகை மோனையோடு கவிதை மாதிரி எழுதினால் விற்குமா? ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டவும் யோசிக்கிறோம்.

பதில்: எதுகையும் மோனையும் உதவும், சகோதரி. ஆனால் அவை ஏறி உட்கார ஒரு செய்தி வேண்டும். உங்கள் நோட்டீஸில் அது இல்லை. ‘தரமான, சுவையான, சுகாதாரமான’ என்பதை நல்லெண்ணெய்க்கும் போடலாம், கருவாட்டுக்கும் போடலாம். படிப்பவர் கண் அதில் நிற்காது.

விளம்பரம் உங்கள் கேள்விக்குள்ளேயே கிடக்கிறது: ‘தனித்தனியாகத்தான் வறுக்கிறோம்.’ எல்லாவற்றையும் ஒரே தாச்சியில் கொட்டினால் மல்லி வறுபட முதலே வெந்தயம் கருகிக் கசந்துவிடும். சமைக்கிற எவருக்கும் இது தெரியும். ஆகவே அந்த ஒரு வரியைக் கேட்டதும் ‘வேலை தெரிந்தவர்கள்’ என்று மனம் சொல்லிவிடும். உள்ளதை உள்ளபடி காட்டுவதைத் தன்மையணி என்பார்கள். விளம்பரத்துக்கு அதைவிடப் பெரிய அணி இல்லை.

இனி ஓசை. சொற்களின் முதலெழுத்து ஒத்துவந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை. எதுகையில் முதலெழுத்துகள் இரண்டும் குறிலாகவோ இரண்டும் நெடிலாகவோ இருக்கவேண்டும், இல்லாவிட்டால் காதில் ஒட்டாது. ‘காரம், தூரம்’ பொருந்தும். ‘காரம், மரம்’ பொருந்தாது. உங்களுக்கு வேண்டிய இலக்கணம் இவ்வளவுதான்.

உங்கள் ஊரும் உங்கள் வேலையும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன: ‘வட்டக்கச்சி வறுத்த தூள்’. மோனை தானாக வந்து விழுந்திருக்கிறது, பெயராகவே அதை வைத்துக்கொள்ளுங்கள். எதுகைக்கு: ‘பொறுத்து வறுத்தது’. இளஞ்சூட்டில் அவசரப்படாமல் வறுப்பதை அது சொல்கிறது. ஓசைக்காக ஒரு சொல்லைச் சேர்க்கும்போது ‘இது உண்மையா, இதில் செய்தி இருக்கிறதா’ என்று பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டுங்கள்.

ஓட்டோவுக்கு வருவோம். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஓட்டோ ஒரு செக்கனில் ஐந்தரை மீற்றர் கடக்கும். ஓட்டோ 60 மீற்றர் கடக்கும்வரை ஒரு வீட்டுக்குச் சொற்கள் தெளிவாகக் கேட்கும் என்று வைத்தாலும், கிடைப்பது பதினொரு செக்கன், அதாவது ஏறக்குறைய இருபது சொல். ‘அன்பார்ந்த பொதுமக்களே, உங்கள் அனைவருக்கும் ஓர் மகிழ்ச்சியான செய்தி’ என்று தொடங்கினால் சரக்கின் பெயர் அடுத்த ஒழுங்கையில்தான் வரும். இப்படிச் சொல்லுங்கள்:

‘வட்டக்கச்சி வறுத்த தூள்! மல்லி வேறை, மிளகு வேறை, வெந்தயம் வேறை, தனித்தனியாப் பொறுத்து வறுத்தது. வட்டக்கச்சி வறுத்த தூள்! கால் கிலோ இத்தினை ரூபா. ஓட்டோவிலையே இருக்கு.’

பெயர் இரண்டு தரம் வருகிறது. ‘வேறை, வேறை, வேறை’ என்ற அடுக்கு காதில் தங்கும். பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். தொலைபேசி இலக்கம் இங்கே வேண்டாம், பேனை தேடி யாரும் ஓடமாட்டார்கள், அது நோட்டீஸுக்கு. உங்களில் ஒருவரின் குரலிலேயே பதியுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், முதலே எடுத்துவிடுங்கள்.

இடைத்தரகர்களைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். ‘விளம்பரம் முழுவதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று வருபவர் தரும் வாசகத்தில் ‘மிளகாய்ப் பொடி’, ‘மசாலா’, ‘கொத்தமல்லி’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இந்திய விளம்பரத்தில் வெட்டி ஒட்டியதாக இருக்கலாம். நம் அடுப்படியில் அது தூள், சரக்கு, மல்லி. வேற்றூர்ச் சொல்லைக் கண்டதும் ‘இது வெளியால் வந்த சாமான்’ என்று வாங்குபவர் நினைத்துவிடுவார், வட்டக்கச்சி என்ற உங்கள் பலம் அங்கேயே போய்விடும். கோயில் மலர், பாடசாலை மலர் என்று அரைப்பக்க விளம்பரம் கேட்டு வரும் தரகர்களிடம் எத்தனை பிரதி, யாருக்குப் போகும், பற்றுச்சீட்டு தருவீர்களா என்று மூன்றையும் கேளுங்கள். மழுப்பினால் காசு கொடுக்காதீர்கள். முகநூலில் விளம்பரத்தைப் பரப்பித் தருகிறேன் என்பவரிடம் கடவுச்சொல்லைக் கொடுக்கவே வேண்டாம். பக்கத்தில் இருந்து, பிரதேசம் கிளிநொச்சி என்று போடுகிறாரா என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் பயிற்சி கொடுக்கத்தானே இத்தனை திட்டங்கள் வன்னிக்கு வந்தன! இரண்டு நாள் பட்டறை, ஆங்கிலப் படவில்லைகள், கடைசியில் ஒரு சான்றிதழ். பக்கற்றைப் பார்த்தால் உதவி வழங்கிய நிறுவனத்தின் சின்னம் பெரிதாகவும் தூளின் பெயர் சின்னதாகவும் இருக்கிறது. வாங்குகிறவருக்கு அந்தச் சின்னம் எதற்கு? ஒரு பெண்ணை உட்காரவைத்து அவர் சரக்கைப் பற்றி அவர் வாயாலேயே ஐந்து வரி சொல்லச் செய்து எழுதிக் கொடுக்க அரைநாள் போதும். அதை யாரும் செய்வதில்லை.

அச்சகத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யுனிகோட் எழுத்து. பல அச்சகங்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்வதால் மறுபடி தட்டச்சு செய்வார்கள். பிழை அங்கேதான் நுழையும். ‘கறித்தூள்’ ‘கரித்தூள்’ ஆனால் நீங்கள் விற்பது அடுப்புக்கரி. ஆயிரம் தாள் அடித்தபிறகு திருத்த முடியாது. மாதிரித் தாளை வாங்கி, கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கிப் படியுங்கள். நேராகப் படித்தால் மனம் பிழையைத் தானே திருத்திக்கொண்டு ஓடிவிடும். தொலைபேசி இலக்கத்துக்கு அச்சகத்தில் வைத்தே அழைத்துப் பாருங்கள்.

மிகைப்படுத்தலில் எல்லை தாண்டாதீர்கள். ‘நீரிழிவைக் குணமாக்கும் வெந்தயம் சேர்ந்தது’ என்று எழுதச்சொல்லி யாராவது தூண்டலாம். உணவைப் பற்றித் தவறாக எண்ணவைக்கும் விளம்பரத்தை 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் தடைசெய்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வாசகம் எழுதித் தந்தவர் பக்கத்தில் நிற்கமாட்டார்.

ஒரே ஒரு விலக்கு: கடைக்காரர். பரந்தனிலோ விசுவமடுவிலோ கடைக்குப் போட நினைத்தால் இந்த ஓசை எதுவும் அவரிடம் செல்லாது. அவருக்குத் தூளின் வாசம் இரண்டாவது, தட்டில் முடங்கும் காசுதான் முதலாவது. அவருக்கு வேறாக ஒரு அரைத்தாள் அடியுங்கள். கடைக்குக் கொடுக்கும் விலை, பக்கற்றில் போட்ட விலை, இரண்டுக்கும் இடையில் அவருக்கு நிற்பது எவ்வளவு, நிறை, முடிவுத் திகதி, எந்தக் கிழமை கொண்டுவருவீர்கள். அடியில் தடித்த எழுத்தில் ‘விற்காததைத் திருப்பி எடுப்போம்’ என்று போடுங்கள், எடுக்கவும் வேண்டும். மோனை, உவமை, பழமொழி ஒன்றும் வேண்டாம். கடனுக்குக் கேட்பார், எத்தனை நாள் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள், வாய்ப்பேச்சாக விடாதீர்கள்.

புது நோட்டீஸை முதலில் இருநூறு மட்டும் அடியுங்கள். வருகிறவர்களிடம் ‘எதைப் பார்த்து வந்தீர்கள்’ என்று கேட்டுக் கொப்பியில் குறியுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்லும் சொல் எதுவோ, அதை அடுத்த தாளில் தலைப்பாக்குங்கள். ஓட்டோவைக் காலபோக நெல் அறுவடை முடிந்து வீடுகளில் காசு புழங்கும் மாசி, பங்குனியில், காலை ஒன்பது மணிக்குப் பின், உலை வைக்கிற நேரத்துக்கு முன்னம் விடுங்கள்.