பதில்: புதுத் தொட்டியில் மீன்கள் செத்துக்கொண்டே இருக்கின்றன

தொட்டி வைத்து இரண்டு வாரம், தினம் ஒன்றிரண்டு மீன் மிதக்கிறது, மிச்சமிருப்பவை மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, ஆனால் தண்ணீர் நல்ல தெளிவு என்கிறீர்கள். தெளிவை நம்பாதீர்கள். மீனைக் கொல்லும் நச்சுகளான அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது.

மீன் விடும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைச் செடிக்கு உதவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஜல்லியில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். நீங்கள் முதல் நாளே மீனை விட்டுவிட்டீர்கள். செத்த மீனின் செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் நைட்ரைட்தான். ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியவில்லை என்று அர்த்தம்.

உடனே தீனியை நிறுத்துங்கள். சில நாள் பட்டினியால் மீன் சாகாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கிய தண்ணீராக. ஏர் பம்ப் இரவிலும் ஓடட்டும். லிட்டருக்கு 1 கிராம் அயோடின் கலக்காத உப்பு போட்டால் நைட்ரைட் செவுள் வழியே நுழைவது குறையும். அதற்கு மேல் போடாதீர்கள், செடிகளுக்கு ஆகாது.

ஜல்லியைக் குழாய்த் தண்ணீரில் அலசுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஐயோ, வேண்டாம்! வளர்ந்த கொஞ்ச பாக்டீரியாவும் அதோடு போய்விடும்.

தொட்டிச் செடிகளின் இலை மஞ்சளாவதையும் கேட்டிருக்கிறீர்கள், அதைப் பிறகு பார்க்கலாம். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் வாங்கி அம்மோனியா, நைட்ரைட், பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) அளவுகளை இங்கே போடுங்கள். பிஎச் 8-ஐத் தாண்டியிருந்தால் அதே அளவு அம்மோனியா இன்னும் கொடியது, அதனால் பிஎச்சை முதலில் பாருங்கள். அதுவரை புது மீன் வாங்க வேண்டாம்.