சுகர் வந்தப்புறம்தான் நல்லா இருக்கேன்னு சொல்றது தப்பா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயசு 53. மன்னார்குடி பக்கம் கிராமம், விவசாயக் குடும்பம். நாலு வருஷம் முன்னாடி சுகர்னு சொன்னாங்க. அப்ப ரத்தத்துல சுகரோட மூணு மாச சராசரி (HbA1c) 9.4, எடை 74 கிலோ. இப்ப சராசரி 6.7, எடை 65. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மெட்ஃபார்மின் 500, வேற மாத்திரை இல்ல. முழங்கால் வலி நல்லாவே கொறஞ்சிருக்கு, வேளைக்கு சாப்பிடறேன், சாயங்காலம் தெருப் பொம்பளைங்க நாலு பேரோட வாய்க்கா கரையில நடக்கறேன். சுகர் வந்ததும் ஒருவகையில நல்லதுக்குத்தான்னு வாய்தவறி சொல்லிட்டேன், எங்க வீட்டுக்காரர் வியாதியப் போயி யாராச்சும் நல்லதும்பாங்களான்னு கோவிச்சுக்கிட்டார். நான் நெனக்கறது தப்பா டாக்டர்?

பதில்: தப்பே இல்லம்மா. இதையே தயங்கித் தயங்கி சொல்ற ஆளுங்க என்கிட்ட நெறைய வர்றாங்க, சொல்லிட்டு உடனே "தெரியாம சொல்லிட்டேன் டாக்டர்"னு கன்னத்துல வேற போட்டுக்குவாங்க. நீங்க எழுதினதுல ரெண்டு வார்த்தை என்னை ரொம்ப நேரம் நிறுத்திடுச்சு. "வேளைக்கு சாப்பிடறேன்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான்.

நம்ம பக்கத்து வீடுங்கள்ல பொம்பளைங்க எப்ப சாப்பிடறாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும். காலைல ஆளுங்களுக்கு டீ போடறப்ப தானும் ஒரு டம்ளர் சக்கரை தூக்கலா குடிக்கறது, அப்புறம் நடவுக்கோ களத்துக்கோ சோறு கட்டிக் குடுத்து, மாமியாருக்குப் போட்டு, பிள்ளைங்களுக்குப் போட்டு, மாட்டுக்குக் கழனித்தண்ணி காட்டி, மூணு மணிக்கு மேல சட்டியில மிச்சம் இருக்கற சோத்தை அடிக்குழம்போட கொட்டிப் பெசஞ்சு சாப்பிடறது, காய் அதுக்குள்ள தீந்து போயிருக்கும், மீன் இருந்தா தலையும் வாலும்தான் மிச்சம் இருக்கும், சாப்பிட்ட கையோட அசதியில அப்படியே தரையில சாஞ்சுடறது. காலைலேர்ந்து பட்டினி, அப்புறம் ஒரே வேளையில மலை மாதிரி வெறும் சோறு, ஒடனே தூக்கம். சுகர் ஏறணும்னா இதைவிட வேற ஒண்ணும் செய்ய வேணாம். என்கிட்ட வர்ற ஒவ்வொரு அம்மாகிட்டயும் மருந்து எழுதறதுக்கு முன்னாடி நான் கேக்கற கேள்வி, மத்தியானம் எத்தனை மணிக்கு சாப்பிடறீங்கங்கறதுதான், பாதிப் பேர் பதில் சொல்லாம சிரிப்பாங்க.

எங்க அம்மாவும் அப்படித்தான் இருந்தாங்க. சுகர்னு தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லல, கல்யாண வீட்டுல எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்கன்னு மறைச்சு வச்சாங்க. கொல்லையில கருவேல முள்ளு குத்தினது வலிக்கவே இல்ல, பத்து நாள் கழிச்சு நாத்தம் வந்தப்பதான் பாத்தாங்க. கட்டைவிரலை எடுக்கும்படி ஆயிடுச்சு. அதுக்கப்புறம்தான் எங்க வீட்டுல அம்மாவுக்கு முதல்ல தட்டு வைக்கற பழக்கம் வந்துச்சு. அது வர்றதுக்கு ஒரு விரல் போக வேண்டியிருந்ததை நெனச்சா எனக்கு இன்னிக்கும் மனசு ஆற மாட்டேங்குது. அதனாலதான் சொல்றேன், நேரத்துக்கு சாப்பாடு, ஒரு கரண்டி கூடுதலா காய், சாயங்காலம் அரைமணி நேரம் உங்களுக்குன்னு, இதெல்லாம் சுகர் குடுத்த வரம்னு நெனக்காதீங்கம்மா, எப்பவோ உங்களுக்கு வந்து சேந்திருக்க வேண்டியது, டாக்டர் சீட்டுல எழுதினதுக்கப்புறம்தான் வீடு குடுத்துச்சு. குடுத்ததை விட்டுடாதீங்க, அவ்வளவுதான்.

முழங்கால் வலி கொறஞ்சதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. ஒரு கிலோ எடை கொறஞ்சா நடக்கறப்ப ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல விழற பாரம் சுமார் 4 கிலோ கொறையுது. நீங்க 9 கிலோ கொறச்சிருக்கீங்க, கணக்கு போட்டுப் பாருங்க, ஒவ்வொரு அடிக்கும் அரை மூட்டை சிமெண்ட்டை விடவே கூடுதலான பாரம் எறங்கியிருக்கு. நடையிலயும் ஒரு விஷயம் இருக்கு, தசை வேலை செய்யறப்ப இன்சுலினோட தயவு இல்லாமயே ரத்தத்துல இருக்கற சக்கரையை இழுத்துக்கும், அதனால சாயங்கால நடையோட சாப்பிட்டப்புறம் பத்து பதினஞ்சு நிமிஷம் தெருவுல நடந்தாலும் நல்ல பலன் இருக்கு. அந்த நாலு பேரையும் விட்டுடாதீங்க, தனியா நடக்கறவங்க பத்து நாள் மழை பேஞ்சா நிறுத்திடுவாங்க, கூட்டமா நடக்கறவங்க ஒருத்தர ஒருத்தர் வாசல்ல வந்து கூப்பிட்டுக்குவாங்க.

இன்னொரு நல்லது உங்க கடுதாசியில இல்ல, ஆனா எனக்கு அதுதான் பெருசாப் படுது. அம்மாவுக்கு சுகர்னா பிள்ளைங்களுக்கு வர்ற வாய்ப்பு கூடுதல். உங்களுக்காக அடுப்படி மாறினா அவங்க தட்டும் சேந்து மாறும். சென்னையில சுகருக்கு முந்தின கட்டத்துல இருந்தவங்களை வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, 2006ல முடிவு வந்தது, சாப்பாட்டையும் நடையையும் மட்டும் மாத்தினவங்கள்ல சுகர் வர்றது 28.5 சதவீதம் கொறஞ்சுது. நம்ம ஊர் ஆளுங்க, நம்ம சோறு தின்னுக்கிட்டே கொறைச்சது அது. நம்மகிட்ட அதுக்கு வழியும் இருக்கு. சம்பா அறுக்கறதுக்கு ஒரு வாரம் பத்து நாளைக்கு முன்னாடி ஈரத்துலயே உளுந்தும் பயறும் தெளிச்சு விடறோம், வெளைஞ்சதும் மூட்டை கட்டி வித்துட்டு நாம சோறும் குழம்புமா சாப்பிடறோம். ஒரு மரக்கா பயறை வீட்டுக்குன்னு நிறுத்தி வைங்க, சுண்டலோ கூட்டோ தட்டுல பயறு கூடினா சோறு தன்னால கொறையும். மாப்பிள்ளைச் சம்பா, கவுனியெல்லாம் சாப்பிடலாமான்னு அடுத்து கேப்பீங்க, தாராளமா சாப்பிடலாம், ஆனா அதுவும் அரிசிதான், அளவு அளவுதான்.

இப்ப உங்க வீட்டுக்காரர் பக்கம் வர்றேன். அவர் கோவத்துல பயம் இருக்கும்மா, அந்தப் பயத்துல நியாயமும் இருக்கு. சுகரால உடம்புக்கு எந்த நல்லதும் கெடையாது. நல்லது செஞ்சதெல்லாம் நீங்க, உங்க நடை, உங்க தட்டு. சுகர் பாட்டுக்கு கண்ணு நரம்பு, கிட்னி, கால் நரம்புல சத்தமில்லாம வேலை பாத்துக்கிட்டேதான் இருக்கும், "நல்லா இருக்கேன்"ங்கற நெனப்புல செக்கப்பை விட்டவங்களைத்தான் நான் ரொம்ப மோசமான நிலைமையில பாத்திருக்கேன். வருஷம் ஒரு தடவ கண்ணுக்கு மருந்து ஊத்தி உள்ள விழித்திரை பாக்கணும், பார்வை தெளிவா இருந்தாலும் பாக்கணும். கிட்னிக்கு யூரின்ல அல்புமினும் ரத்தத்துல கிரியேட்டினினும் பாக்கணும். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிடறவங்களுக்கு வைட்டமின் பி12 கொறையறது உண்டு, நாலு வருஷம் ஆச்சு, அதையும் ஒரு தடவ பாத்துடுங்க, கால் மதமதன்னு இருந்தா கண்டிப்பா பாக்கணும். ராத்திரி படுக்கப் போறப்ப பாதத்தை கண்ணாடி வச்சுப் பாருங்க, விரல் இடுக்கு உட்பட. சேத்துல எறங்கிட்டு வந்தா கழுவி ஈரம் போகத் தொடைங்க, நத்தை ஓடு கீறினாகூட விடாதீங்க.

சுகர் தீரணும்னு வேண்டிக்கற கோயில்வெண்ணி கரும்பேஸ்வரருக்கு வேண்டுதல் இருந்தா போயிட்டு வாங்க, ரவையும் சக்கரையும் எறும்புக்குப் போட்டுட்டு வர்றதுல மனசுக்கு ஒரு தெம்பு கெடைக்கும், நான் யாரையும் தடுத்தது இல்ல. காலைலயே போயிடுங்க, உச்சி வெயில்ல கருங்கல் சுட்டு பாதம் கொப்புளிச்சு, சூடே தெரியாம வந்து நின்னவங்களுக்கு நான் கட்டு போட்டிருக்கேன். வேண்டுதல் வச்சாச்சுன்னு மாத்திரையை நிறுத்தக் கூடாது.

6.7ங்கறது நல்ல நம்பர், சந்தோஷப்படுங்க. இங்கிலாந்துல 1977ல தொடங்கி இருபது வருஷம் நடந்த பெரிய ஆய்வு ஒண்ணு இருக்கு, ஆரம்ப வருஷங்கள்ல சுகரை நல்லா கட்டுப்படுத்தினவங்களுக்கு ஆய்வு முடிஞ்சு பத்து வருஷம் கழிச்சும் மாரடைப்பும், கண்ணு கிட்னி மாதிரி எடத்துல சின்ன ரத்தக்குழாய்ல வர்ற பாதிப்பும் கொறவா இருந்ததை 2008ல சொன்னாங்க. இந்த நாலு வருஷம் நீங்க பட்ட பாடு வீண் போகாது. மாத்திரையே இல்லாம 6.5க்குக் கீழ நிக்கறவங்களும் உண்டு, கண்டுபிடிச்ச முதல் சில வருஷத்துல நல்லா எடை கொறச்சவங்களுக்கு அது நடக்குது, ஆனா அதை நீங்களா முடிவு பண்ணி மாத்திரையை விட்டுடாதீங்க, உங்க டாக்டர்கிட்ட பேசுங்க.

ஒண்ணு கேக்கறேன், உங்க வீட்டுக்காரர் எப்பவாச்சும் சுகர் பாத்திருக்காரா? அதே சோறு, அதே டீ, உங்களைவிட வயசும் கூடத்தான் இருக்கும், அவரப் பத்தி ஒரு வரிகூட நீங்க எழுதல. அடுத்த தடவ நீங்க ரத்தம் குடுக்கப் போறப்ப அவரையும் வெறும் வயித்தோட கூட்டிட்டுப் போங்க. வெறும் வயித்து சுகர் 126ஓ அதுக்கு மேலயோ வந்தா இன்னொரு நாள் திரும்ப எடுத்து உறுதி பண்ணணும், 100லேர்ந்து 125க்குள்ள வந்தா இன்னும் நேரம் இருக்கு, சாயங்காலம் வாய்க்கா கரைக்கு அவரையும் கூட்டிக்கலாம்.