பேட்டரி பழுதா, இணைப்பு பழுதா? மின் சிகரெட் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: இருபது ஆண்டுகள் சிகரெட் புகைத்த நான், எட்டு மாதங்களுக்கு முன் மின் சிகரெட்டுக்கு மாறினேன். பேட்டரியையும் திரவத் தொட்டியையும் தனித்தனியே திருகிக் கழற்றக்கூடிய பேனா வடிவக் கருவி அது. சில நாள்களில் ஒழுங்காக வேலை செய்கிறது. சில நாள்களில் பொத்தானை அழுத்தினால் விளக்கு சிமிட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. சார்ஜ் முழுதாக ஏறியதாகக் காட்டிய பிறகும் இப்படி நேர்கிறது. இப்போதிருப்பது மூன்றாவது பேட்டரி. கருவி மக்கர் செய்யும் ஒவ்வொரு முறையும், கடைக்குப் போய்ச் சிகரெட் பெட்டி வாங்கிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்.
– வாசகர், ஈஸ்ட்ஹாம், லண்டன்

பதில்: அன்பரே, உங்கள் அச்சம் நியாயமானது; அதனாலேயே இதற்கு விரிவாகப் பதில் எழுதுகிறேன். மூன்று பேட்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே விதத்தில் கெட்டுப்போவது அரிது. மூன்று முறையும் மாறாமல் இருந்தவை தொட்டியும், அதற்குள் இருந்து திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலும், ஒருவேளை சார்ஜரும்தான். பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் அவற்றைச் சோதித்துவிடுவோம்.

உங்களுடையதைப் போன்ற கருவிகளில் பெரும்பாலானவை ‘510’ எனப்படும் திருகிணைப்பு கொண்டவை. அரை மில்லிமீட்டர் இடைவெளியில் பத்துத் திருகு வரிகள் என்பதே அந்த எண்ணின் பொருள். வெளிப்புறத் திருகு எதிர்முனை. நடுவில் உள்ள சிறு குமிழ் நேர்முனை. தொட்டியை ஒவ்வொரு முறையும் பலங்கொண்டு இறுக்கினால், அந்தக் குமிழ் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமிழ்ந்து, தொட்டியின் முனையை ஒருநாள் தொட்டும் ஒருநாள் தொடாமலும் நிற்கும். கசியும் திரவம் அதன்மேல் பிசினாகப் படிந்தாலும் இதே விளைவுதான். சில நாள்களில் மட்டும் தகராறு செய்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தக் காரணத்தோடு நன்றாகப் பொருந்துகிறது.

முதலில் கருவியை அணைத்துவிடுங்கள். பல கருவிகளில் பொத்தானை ஐந்து முறை விரைவாக அழுத்தினால் அது அணைந்துவிடும். தொட்டியைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் திருகையும் குமிழையும் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். குமிழ் தாழ்ந்திருந்தால் மரப் பற்குச்சியால் மிக மெதுவாக, மயிரிழை அளவுக்கு மட்டும் மேலே நெம்பலாம். ஊசியோ திருப்புளியோ வேண்டாம். நடுக்குமிழையும் வெளித்திருகையும் உலோகம் ஒருசேரத் தொட்டுவிட்டால் குறுக்கு மின்னோட்டம் (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும். மீண்டும் பொருத்தும்போது, தொட்டி அமர்ந்ததும் நிறுத்திவிடுங்கள்.

அதன் பிறகும் விளக்கு சிமிட்டினால் காயிலைப் பாருங்கள். பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயனிக் கலம் ஒன்று முழுதாகச் சார்ஜ் ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட் தரும். காயிலின் மின்தடை 1.8 ஓம் என்றால் அது இழுக்கும் மின்னோட்டம் சுமார் 2.3 ஆம்பியர், 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர். பேனா வடிவக் கருவியின் சிறிய கலத்தால் பின்னதைத் தாங்க முடியாமல் போகலாம். அப்போது உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்து, விளக்கைச் சிமிட்டவைக்கும். கருவியின் கையேடு குறிப்பிடும் தடையுள்ள புதிய காயிலை மாட்டிப் பாருங்கள். எத்தனை முறை சிமிட்டினால் என்ன பொருள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், அதையும் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால், கலம் மூப்படைந்திருக்கிறது என்று கொள்ளலாம். சார்ஜ் விளக்கு பெரும்பாலும் காட்டுவது கலம் ஓய்வில் இருக்கும்போது உள்ள மின்னழுத்தத்தை; வேலை வாங்கும்போது அது எவ்வளவு சரிகிறது என்பதை அந்த விளக்கு சொல்லாது. வயதாக ஆகக் கலத்தின் உட்தடை, அதாவது மின்னோட்டத்துக்குக் கலமே காட்டும் எதிர்ப்பு, கூடும். உட்தடை 0.2 ஓம் ஆகி, 5 ஆம்பியர் இழுக்கப்பட்டால், 1 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். கடுங்குளிரிலும் உட்தடை உயரும் என்பதால், ஜனவரிக் காலையில் பேருந்து நிறுத்தத்தில் கைவிடும் கருவி வீட்டுக்குள் வந்ததும் வேலை செய்யக்கூடும். உறைநிலையில் இருந்த கருவியை உடனே சார்ஜில் போடாதீர்கள். உட்புறத்தில் லித்தியம் உலோகமாகப் படிந்து கலத்தையே கெடுத்துவிடும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு போடுங்கள்.

இன்னொன்றையும் உரிமையோடு சொல்கிறேன்: தேசிய நலச் சேவையின் புகை நிறுத்த உதவியில் நிக்கோட்டின் பட்டையோ சூயிங்கமோ கிடைக்கும், அதைக் கையிருப்பில் வைத்திருங்கள். எட்டு மாத உழைப்பை ஒரு கருவியின் நம்பகத்தன்மையிடம் ஒப்படைத்துவிட வேண்டாம்.

கேள்வி: ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் இங்கே தடை செய்யப்பட்டதால், சார்ஜ் செய்யக்கூடிய கருவி வாங்கினேன். செல்பேசியின் புதிய சார்ஜரில் பொருத்தினால் அசைவே இல்லை. பழைய மடிக்கணினியில் பொருத்தினால் சார்ஜ் ஏறுகிறது. பேட்டரி கோளாறா?
– வாசகர், லெஸ்டர்

பதில்: பேட்டரியின்மேல் குற்றமில்லை. இரு முனையிலும் யூ.எஸ்.பி. சி வகை கொண்ட கேபிளில், எதிரே இருக்கும் கருவிக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று சார்ஜர் முதலில் பார்க்கும். இருந்தால்தான் மின்சாரம் விடும். செலவைக் குறைக்கச் சில தயாரிப்பாளர்கள் அந்தச் சிறு தடையை வைப்பதில்லை. உங்கள் மடிக்கணினியின் அகன்ற பழைய துளை அப்படி எதையும் கேட்பதில்லை. எப்போதும் 5 வோல்ட் தரும். ஆகவே ஒரு முனையில் அந்த அகன்ற பழைய வகை கொண்ட கேபிளையும் சாதாரண 5 வோல்ட் சார்ஜரையுமே பயன்படுத்துங்கள். படுக்கையிலும் சோபாவிலும் வைத்துச் சார்ஜ் செய்ய வேண்டாம். இரவு முழுதும் விட்டுவைக்கவும் வேண்டாம்.

கேள்வி: என் கணவர் உதிரி 18650 பேட்டரிகளைச் சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு போட்டுக்கொண்டு போகிறார். ஒன்றின் மேலுறை கிழிந்தும் இருக்கிறது. சொன்னால் சிரிக்கிறார்.
– வாசகி, குரோய்டன்

பதில்: அம்மா, அவர் சிரிக்கட்டும், நீங்கள் விட்டுவிடாதீர்கள். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அந்த உருளையில், மேல்முனையைத் தவிர உலோக உடல் முழுவதும் எதிர்முனைதான். நேர்முனைக்கும் அதற்கும் நடுவே காப்பாக நிற்பது மெல்லிய மேலுறையும் ஒரு சிறு வளையமும் மட்டுமே. கிழிந்த இடத்தையும் மேல்முனையையும் ஒரு சாவி சேர்த்துத் தொட்டால், கலம் நொடிகளில் கொதித்து, தீயைக் கக்கும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டு ஊடகங்களில் வந்த 195 மின் சிகரெட் தீவிபத்துகளையும் வெடிப்புகளையும் தொகுத்தது. அவற்றில் பல, கருவியோ உதிரிக் கலமோ சட்டைப்பையில் இருக்கும்போதே நேர்ந்தவை.

கிழிந்த கலத்தை இன்றே விலக்கிவிடுங்கள். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, கடைகளில் வைத்திருக்கும் பேட்டரிச் சேகரிப்புப் பெட்டியில் போடுங்கள், வீட்டுக் குப்பையில் வேண்டாம். மற்றவற்றுக்குச் சில பவுண்டில் கிடைக்கும் பிளாஸ்டிக் உறை போதும். கலத்தின்மேல் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அது போலி. இந்த அளவுக் கலத்தில் அவ்வளவு கொள்ளளவு இல்லை. உப்பிய, ஒழுகும், தொட்டால் சுடும் கலத்துக்கு மறுஉயிர் கொடுக்க யாரும் முயல வேண்டாம்.

கேள்வி: அடுத்த மாதம் சென்னை செல்கிறேன். கருவியைப் பெட்டியில் வைத்து அனுப்பலாமா?
– வாசகர், ஹாரோ

பதில்: சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டியில் மின் சிகரெட்டுக்கு அனுமதி இல்லை, கைப்பையில்தான் கொண்டுசெல்ல வேண்டும். ஆனால் உங்கள் பயணத்துக்கு அதுவும் பொருந்தாது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின் சிகரெட்டின் இறக்குமதி, விற்பனை, சேமிப்பு ஆகியவற்றைத் தடை செய்கிறது. இறக்குமதிக்கு முதன்முறை ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கருவியை ஹாரோவிலேயே விட்டுச் செல்லுங்கள்: பாதியளவு சார்ஜோடு, சார்ஜரில் மாட்டாமல், வெயில் படாத இடத்தில் வைத்தால் திரும்பி வரும்வரை கலம் கெடாது. வழிக்கு நிக்கோட்டின் சூயிங்கம் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மருந்துக் கடைகளிலும் அது கிடைக்கும்.