மோபியஸ் கூட்டலும் சீட்டாவின் பூச்சியங்களும்: கேள்வி பதில்

கல்லூரி மாணவி: மெர்ட்டன்ஸ் யூகத்தைக் கொஞ்சம் எளிமையாகச் சொல்லுங்கள் சார்.

பதில்: ஏதாவது ஒரு பகா எண்ணின் வர்க்கத்தால் வகுபடும் எண்ணுக்கு 0 போடுங்கள்மா. மற்றவற்றில் பகாக் காரணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் +1, ஒற்றைப்படையாக இருந்தால் −1. 1-க்கு +1. இதுதான் மோபியஸ் சார்பு. 10 வரை கூட்டினால் −1, 31 வரை கூட்டினால் −4. எது வரை கூட்டினாலும் தொகையின் அளவு அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது என்று 1897-ல் மெர்ட்டன்ஸ் சொன்னார், 10,000 வரை கையால் பட்டியல் போட்டுப் பார்த்துவிட்டு. அது உண்மையாக இருந்திருந்தால், சீட்டா என்ற சார்பு எங்கெல்லாம் பூச்சியமாகும் என்பது பற்றிய, இன்னும் நிரூபிக்கப்படாத ரீமன் கருதுகோளும் கூடவே நிரூபணமாகியிருக்கும். 1985-ல் ஓட்லிஸ்கோவும் டெ ரீலேயும் பொய் என்று காட்டிவிட்டார்கள்.

நிரலாளர்: நூறு கோடி வரை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் மீறவில்லையே?

பதில்: மீறாது. 10¹⁶ வரை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 200-ஐத் தாண்டிய பிறகு தொகை வர்க்கமூலத்தில் 0.6 பங்கைக்கூடத் தொடவில்லை. இந்தத் துறையில் பட்டியலை நம்பாதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான். சீட்டாவின் ஒவ்வொரு பூச்சியமும், அதாவது அந்தச் சார்பின் மதிப்பு 0 ஆகும் ஒவ்வொரு கலப்பெண்ணும், இந்தத் தொகையில் ஒரு அலையைச் சேர்க்கிறது. முதல் பூச்சியத்தின் கற்பனைப் பகுதி 14.1347, எண் சுமார் 1.56 மடங்கு ஆகும்போதெல்லாம் அதன் அலை ஒரு சுற்று முடிக்கும், வீச்சு வர்க்கமூலத்தில் 0.18 பங்குதான். தனியாக ஒன்றும் செய்யாது, ஆனால் பூச்சியங்கள் முடிவில்லாதவை. நிறைய அலைகள் ஒரே நேரத்தில் உச்சிக்கு வந்தால் தொகை வர்க்கமூலத்தையே தாண்டிவிடும். அவை ஏறத்தாழ ஒன்றுசேரும் இடம் உண்டு என்பதைத்தான் அந்த இருவரும் முதல் 2000 பூச்சியங்களைச் சுமார் நூறு தசம இடங்களுக்குக் கணக்கிட்டு, 1982-ல் வந்த லென்ஸ்ட்ரா–லென்ஸ்ட்ரா–லோவாஸ் என்ற கணினி வழிமுறையை வைத்துக் காட்டினார்கள். அந்த இடம் உங்கள் கணினிக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: மன்னிக்கவும், எந்த எண்ணில் மீறுகிறது என்று காட்ட முடியாமல் பொய் என்பது நியாயமா?

பதில்: நியாயம்தான் ஐயா. இருக்கிறது என்று நிரூபிக்க, எடுத்துக் கையில் கொடுக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்: நடைமுறையில் உண்மை என்றாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

பதில்: மாட்டேன். எண் கையில் இருந்தால்தான் நம்புவேன் என்றால் கணிதவியலாளர் போல்யாவைப் பாருங்கள். பகாக் காரணிகளைத் திரும்ப வருபவற்றோடு சேர்த்து எண்ணி, +1, −1 போட்டுக் கூட்டினால் 2 முதல் தொகை ஒருபோதும் நேர்மமாகாது என்று 1919-ல் அவர் சந்தேகித்தார். பல கோடி எண்கள் வரை அப்படியேதான் நடக்கும். 1958-ல் ஹேஸல்க்ரோவ், அதே பூச்சியங்களை வைத்துத்தான், பொய் என்று காட்டினார், எண் எதையும் கொடுக்காமல். அப்போதும் உங்களைப் போல யாராவது முணுமுணுத்திருப்பார்கள். 1960-ல் லேமன் 90,61,80,359-ஐக் கண்டுபிடித்தார். மிகச் சிறியது 90,61,50,257 என்று 1980-ல் தனாகா முடித்துவைத்தார். தொண்ணூறு கோடி வரை "நடைமுறையில் உண்மை", அப்புறம்?

ஆசிரியர்: போல்யாவுக்கு எண் கிடைத்தது, இதற்குக் கிடைக்கவில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

பதில்: சரி, கிடைக்கவில்லை. நிரூபணத்தில் ஓட்டை இருந்தால் காட்டுங்கள், பேசலாம்.

வாசகர்: ராமானுஜனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா?

பதில்: 1913-ல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதும்போது அவரிடம் பகா எண்களின் எண்ணிக்கைக்கு ஒரு சூத்திரம் இருந்தது. அது உண்மையில் இருந்ததைவிட மிகத் துல்லியமானது என்று நம்பினார். சீட்டாவுக்குக் கலப்பெண் பூச்சியங்களே இல்லாத உலகத்தில்தான் அது அப்படியே பலிக்கும் என்று ஹார்டி பின்னாளில் விளக்கினார். மேதைக்கும் சிறிய எண்கள் இப்படித்தான் வேலை காட்டும்.

இன்னொரு நிரலாளர்: பைத்தானில் ஆயிரம் கோடி வரை ஓட்டினேன், மீறவில்லை...

பதில்: மேலே முதல் நிரலாளருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வாசகி: வகுஎண்களின் எண்ணிக்கையைக் கூட்டும் டிரிஷ்லே கணக்கும் இதேதானா?

பதில்: இல்லை. அங்கே பிழையை ஆட்டுவது பூச்சியங்கள் இல்லை. தனியாகக் கேளுங்கள், ஆசையாகச் சொல்வேன்.

மாணவர்: ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையின் பாதுகாப்பு இதனால் உடையுமா?

பதில்: என் துறை இல்லை தம்பி.

மாணவி: மெர்ட்டன்ஸ் பொய் என்றால் ரீமன் கருதுகோளும் பொய்யா சார்?

பதில்: இல்லைம்மா. ரீமனுக்கு வர்க்கமூலத்தைவிடக் கொஞ்சம் தாராளமான வரம்பே போதும். அடுக்கு அரையைவிட எவ்வளவு சிறிதளவு கூடினாலும் சரி. மெர்ட்டன்ஸ் அந்தக் கொஞ்சத்தைக்கூட விட்டுக்கொடுக்காமல் கேட்டார்.