வணிகக் கேள்வி – பதில்: முன்பணத்துக்கு முன்னால் உரிம எண்

கேள்வி: சீனாவின் யீவூ சந்தையிலிருந்து குழந்தைகளுக்கான பொம்மைகளைச் சென்னைத் துறைமுகம் வழியாகத் தருவித்து மொத்த வியாபாரம் செய்ய எண்ணியுள்ளேன். ஐ.இ.சி. எனப்படும் இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டு எண் வாங்கிவிட்டேன். ஐரோப்பிய 'சி.இ.' சான்றிதழ் இருப்பதால் வேறெதுவும் தேவையில்லை என்கிறார் விற்பவர். முன்பணம் அனுப்பலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: இப்போது அனுப்ப வேண்டாம். ஐ.இ.சி. எண் நீங்கள் இறக்குமதி செய்யலாம் என்பதற்கான அடையாளம் மட்டுமே. எந்தச் சரக்கைக் கொண்டுவரலாம் என்பதை அது தீர்மானிப்பதில்லை. பொம்மைகளுக்கான மத்திய அரசின் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கைவினைஞர்கள் செய்பவை போன்ற சில விலக்குகள் நீங்கலாக, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை இங்கே இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. 'சி.இ.' குறி ஐரோப்பியச் சந்தைக்கு உரியது. நம் சுங்கத்துறையிடம் அது செல்லாது.

அந்த முத்திரையைப் பதிக்க உரிமம் வேண்டும். அதை இறக்குமதியாளர் தம் பெயரில் வாங்க வழியில்லை என்பது பலருக்குச் சரக்கு வந்த பிறகே தெரிய வருகிறது. பொம்மையைச் செய்யும் தொழிற்சாலைதான் இந்தியாவில் ஒரு பிரதிநிதியை நியமித்து, பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம் விண்ணப்பித்து, ஆலை ஆய்வுக்கும் மாதிரிச் சோதனைக்கும் உட்பட்டு அதைப் பெற வேண்டும். யீவூவிலோ பல ஆலைகளின் பொருள்கள் ஒரே கடையில் விற்பனைக்கு இருக்கும்; கடைக்காரர் பெரும்பாலும் உற்பத்தியாளர் அல்லர். ஆகவே, அவரிடம் ஆலையின் பெயர், முகவரி, உரிம எண் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். முத்திரையோடு அச்சிடப்படும் 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டால், உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது, இன்னும் செல்லுபடியாகிறதா என்பது தெரிந்துவிடும். பொருளையும் கவனியுங்கள்: மின்சாரம் இல்லாத பொம்மைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 9873 வரிசை, பேட்டரியில் இயங்குபவற்றுக்கு ஐ.எஸ். 15644. முதலாவதற்கு மட்டும் உரிமம் வைத்திருக்கும் ஆலையின் பேட்டரி கார், உரிமமற்ற சரக்குதான்.

ரிமோட் ரேடியோ அலையில் இயங்கினால் தொலைத்தொடர்புத் துறையில் ரேடியோ அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவின் ஒப்புதலும் வேண்டும். பறக்கும் பொம்மைகளை முதல் ஆர்டரில் சேர்க்காதீர்கள். 2022 பிப்ரவரியில் ட்ரோன் இறக்குமதி தடை செய்யப்பட்டிருக்க, வந்தது பொம்மையா ட்ரோனா என்ற வாதத்தைத் துறைமுகத்தில் நின்று நடத்துவது வீண் செலவு.

'அலங்காரப் பொருள்' என்று இன்வாய்ஸ் போட்டுத் தருகிறேன் என யாராவது சொன்னால், தயவுசெய்து அவரோடு வியாபாரமே வேண்டாம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்காக வடிவமைக்கப்பட்டது எதுவும் பொம்மைதான். தாளில் எழுதிய பெயரால் அது மாறிவிடாது. பொய்யாக அறிவித்தால் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 111ஆவது பிரிவில் பறிமுதலும் 112ஆவது பிரிவில் அபராதமும் உண்டு. வழக்கு முடியும்வரை கண்டெய்னர் வாடகையும் டெமரேஜ் எனப்படும் தாமதக் கட்டணமும் உங்கள் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் மட்டும் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்ந்தது என்பதால், விலைக் கணக்கை நடப்பு விகிதத்தைக் கிளியரிங் ஏஜென்டிடம் கேட்டுப் போடுங்கள்.

கேள்வி: நாங்கள் தருவிப்பது தையல் இயந்திரங்கள்தாம், அவை வரும் மரப்பெட்டிக்கும் விதி உண்டாமே?
— வாசகர், திருப்பூர்

பதில்: உண்டு. மரத்துக்குள் இருக்கும் பூச்சிகள் இங்கே பரவாமல் தடுக்க, பெட்டியின் மரம் அதன் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடாக்கப்பட்டோ, மீதைல் புரோமைடு புகையூட்டப்பட்டோ இருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் சின்னமும், நாட்டின் குறியீடும், 'எச்.டி.' (சூடாக்கியது) அல்லது 'எம்.பி.' (புகையூட்டியது) என்ற எழுத்துகளும் மரத்தில் பதிக்கப்பட்டிருக்கும். ஒட்டுப்பலகையால் மட்டுமே செய்த பெட்டிக்கு இது தேவையில்லை. சரக்கு ஏற்றப்படும் முன் அந்த முத்திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.