வாசகர் கேள்வி–பதில்: பறக்கிற பெண்ணும் பசித்த பேய்களும்

கேள்வி: நான் மாயாஜால நாவல் பைத்தியம். ஐந்தாறு பாகம், ஒவ்வொன்றும் ஆயிரம் பக்கம் என்றாலும் அலுக்காது. ஆனால் தமிழ்க் காப்பியம் எதைத் திறந்தாலும் பத்து வரியில் மூடிவிடுகிறேன். எதில் தொடங்கலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மணிமேகலையில் தொடங்குங்கள். சிலப்பதிகாரத்தை முடித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்பார்கள், அவசியமில்லை. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள் மணிமேகலை, கோவலன் மதுரையில் கொலையுண்டான் என்பது தெரிந்தால் போதும்.

30 காதைகளையும் (அத்தியாயங்களையும்) முதலிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். முதல் இரண்டும் இந்திர விழா அறிவிப்பும் ஊர்ப்பேச்சும்தான். உங்களைப் போன்றவர்கள் அங்கேயே களைத்துவிடுவார்கள். இளவரசன் உதயகுமரன் துரத்த, மணிமேகலை உவவனம் என்கிற பூஞ்சோலையின் பளிங்கு அறைக்குள் ஒளிந்தாள் என்று மனதில் வைத்துக்கொண்டு நேராக 6ஆம் காதைக்குப் போய்விடுங்கள். அதில் சக்கரவாளக் கோட்டம் என்கிற சுடுகாடு வருகிறது. பிணத்தின் தலையை ஏந்திப் பேய் ஒன்று ஆடுவதைக் கண்ட சிறுவன் சார்ங்கலன் பயத்திலேயே உயிர்விடுகிறான். அந்தக் காதையின் முடிவில் தூங்குகிற மணிமேகலையை மணிமேகலா தெய்வம் வான்வழியே 30 யோசனை தூரம் தூக்கிப்போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. (யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே அது என்பவர்கள் உண்டு.)

அடுத்து 8 முதல் 11 வரை. 10ஆம் காதையில் அவளுக்கு மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன: வேற்றுரு எடுக்க ஒன்று, வானில் செல்ல ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. 11இல் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி வருகிறது. அந்தப் பாத்திரம் அங்கே எப்படி வந்தது என்பதை 13, 14ஆம் காதைகளில் ஆபுத்திரன் கதை சொல்லும். அதை விட்டுவிடாதீர்கள், நூலிலேயே ஆழமான பகுதி அது.

பிறகு 18 முதல் 20 வரை ஒரே மூச்சில். உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை, யானைத்தீ என்னும் தீராப் பசிநோய் பிடித்த காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். 12 ஆண்டுச் சாபம் முடியும் நேரத்தில் மனைவியைத் தேடி வந்த விஞ்சையன் (வானில் திரியும் வித்தியாதரன்) காஞ்சனன், இவளையே தன் மனைவி என்று நம்பி உதயகுமரனை வெட்டிவிடுகிறான். தப்பிக்கச் சொன்ன மந்திரம் ஓர் உயிரை வாங்கிவிடுகிறது. நல்ல மாயக்கதையில் நீங்கள் தேடுவது இதைத்தானே? இந்த ருசி பிடித்த பிறகு விட்டுப்போன காதைகளுக்குத் திரும்பலாம்.

27உம் 29உம் சமய வாதம், அளவை நூல் (தர்க்கம்). முதல் வாசிப்பில் கூசாமல் தாண்டுங்கள். நூலை முடிக்காமல் விட்டவர்களில் பாதிப்பேர் அந்த இரண்டில்தான் சிக்கியிருப்பார்கள். ஒரு நாளைக்கு 40 வரி போதும். முதலில் உரை, பிறகு மூலம். ந.மு. வேங்கடசாமி நாட்டாரும் ஔவை துரைசாமிப் பிள்ளையும் எழுதிய உரை துணைக்கு நல்லது.

கேள்வி: குறுந்தொகையில் உரையைப் படித்தால் பொருள் புரிகிறது, பாட்டு மட்டும் ஒட்டவில்லை. என்ன தவறு?
– வாசகர், தென்காசி

பதில்: உரையை முதலில் படிப்பதுதான். காப்பியத்துக்கு அது சரி, கதை தெரிந்தால் வரி ஓடும். நாலு வரிப் பாட்டில் உரையை முன்னால் படித்தால் படிக்க மிச்சம் எதுவும் இராது. 6ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பதுமனார் பாடியது:

நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்
தினிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை யுலகமுந் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே.

இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். அச்சில் இருப்பது சீர் பிரிப்பு, அதாவது ஓசைக்காக வெட்டியது. அதைப் பென்சிலால் சொற்களாகப் பிரித்து எழுதுங்கள்: நள்ளென்றன்றே, சொல் அவிந்து, இனிது அடங்கினரே, முனிவு இன்று. இங்கே இரண்டு இடத்தில் கால் இடறும். ‘அன்றே’ என்று தனியே வெட்டினால் ‘அல்ல’ என்றோ ‘அந்த நாளில்’ என்றோ ஆகிவிடும். உண்மையில் நள்ளிரவு ஆகிவிட்டது என்று முடிகிற வினை அது. ‘முனிவு இன்று’ என்பதில் இருப்பது இன்றைய தினமும் அல்ல, ‘வெறுப்பு இல்லாமல்’ என்பதுதான். மாக்கள் மனிதர்களே. மன்ற என்றால் நிச்சயமாக.

இதற்குப் பிறகு மறுபடி படித்தால் மூன்றாம் அடியில் நாலுக்குப் பதில் மூன்று சீர்தான் இருப்பது காதில் விழும். நேரிசை ஆசிரியப்பா என்கிற பாவகையில் ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) இப்படித்தான் குறையும். அங்கே சற்று நின்றுவிட்டு ‘ஓர்யான்’ என்று எடுங்கள். பேச்சு அடங்குகிறது, ஊர் அடங்குகிறது, உலகமே தூங்குகிறது, ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். மணம் முடிக்கப் பொருள் தேடிப் போன தலைவனை நினைத்துத் தலைவி தோழியிடம் சொன்னது என்கிற கூற்றுக் குறிப்பைக் கடைசியில் பாருங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பாட்டுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: பேய், பூதம் நிறைந்த பழந்தமிழ் நூல்?
– கல்லூரி மாணவர், கடலூர்

பதில்: செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. முதல் குலோத்துங்கனின் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்ற கதை. ‘கடைதிறப்பு’ காதல் பகுதி. அதை ஒத்திவைத்து ‘காடு பாடியது’ தொடங்கிப் படியுங்கள். ‘இந்திரசாலம்’ என்கிற பகுதியில் இமயத்திலிருந்து வந்த முதுபேய் வித்தை காட்ட, பட்டினிப் பேய்கள் மாயப் பிணங்களின் மேல் விழுந்து வெறும் வாயை மெல்லும். எல்லாம் ஈரடித் தாழிசை என்பதால் எடுத்த எடுப்பில் ஓடும். ‘எடுமெடு மெடுமென வெடுத்ததோர் இகலொலி கடலொலி இகக்கவே’ என்பதைச் சத்தமாகப் படிக்காவிட்டால் பாதி போயிற்று.

கேள்வி: தடித்த நாவல்கள் முதுகு பிளந்து ஏடு ஏடாகக் கழல்கின்றன. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தும் பூஞ்சை பிடிக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: புதுப் புத்தகத்தை நடுவில் விரித்து அழுத்தினால் முதுகுப் பசை அங்கேயே விண்டுவிடும். மேசையில் முதுகை நிறுத்தி, முன்னாலிருந்து சில பக்கம், பின்னாலிருந்து சில பக்கம் என்று மாறிமாறித் தள்ளி, விரலால் நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். உறைக்குள் ஈரம் சிக்கிக்கொள்வதால்தான் பூஞ்சை; கழற்றிவிடுங்கள். அலமாரியில் புத்தகங்களை நெருக்கித் திணிக்காமல், பின்சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்தி வையுங்கள். வேப்பிலை வைப்பதாக இருந்தால் சருகாகக் காய்ந்த பிறகே. பச்சை இலை இருக்கிற ஈரத்தோடு தன் ஈரத்தையும் சேர்க்கும்.